வெலிங்டன் தந்த கோப்பை அணி

டூரண்ட் கோப்பையை வென்ற அணிகளின் பட்டியலில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், ஹைதராபாத் சிட்டி போலீஸ் ஆகிய பெரும் பெயர்களுக்கு நடுவே 1955-இலும் 1958-இலும் ஒரு மலையூரின் அணி நிற்கிறது: மதராஸ் ரெஜிமென்டல் சென்டர், வெலிங்டன். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையில் மலை ரயில் நிற்கும் அதே வெலிங்டன்தான். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளிருந்து போய் அக்கோப்பையைக் கொண்டுவந்த அணி வேறில்லை. நீலகிரிக் கால்பந்துக்கென ஒரு மலர் வருமானால் அதன் முதல் பக்கங்கள் இந்த அணிக்கே உரியவை என்பது என் உறுதியான எண்ணம்.

வெற்றியின் எடையை உணரக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். டூரண்ட் போட்டி 1888-இல் சிம்லாவில் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டூரண்ட் அதைத் தொடங்கினார். ஆடியவை பெரும்பாலும் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகள். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியும் பிளாக் வாட்சும் மும்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றன. இந்திய அணி ஒன்று கோப்பையைத் தொட 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டெல்லியில் முகமதன் ஸ்போர்ட்டிங் அதைச் சாதித்தது.

போட்டி தொடங்கிய நாளில் இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். அதற்கு முன் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதி அவர்தான். மதராஸ் அரசு கோடைக்கு உதகைக்கு ஏறிய காலம் அது. தெற்கின் சிப்பாய் போருக்குத் தகுதியற்றவன், நீண்ட அமைதி அவனை மழுக்கிவிட்டது என்று முடிவுகட்டியவர் ராபர்ட்ஸ். 'போர்க்குல'க் கொள்கை என்று பின்னாளில் பேர்பெற்ற அந்தப் பார்வையின்படி பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்கரும் படைக்குப் பிறந்தவர்கள். தமிழனும் தெலுங்கனும் அல்ல. மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் முடிவில், 1758-இலிருந்து தொடர்ச்சி கொண்ட ஒரு காலாட்படை மரபு ஏட்டளவில் அற்றுப்போனது. 1803-இல் அசாயே களத்தில் ஆர்தர் வெல்லஸ்லிக்கு வெற்றி தேடித் தந்தவர்களுள் மதராஸ் சிப்பாய்களும் உண்டு. அந்த வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன். ஜக்கதளா என்ற படகர் ஊரையொட்டி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைத் துருப்புகளுக்காகக் கட்டிய பாசறைக்கு அவர் பெயரே நிலைத்தது.

இரண்டாம் உலகப்போர் ஆள் கேட்டது. கொள்கை காற்றில் போக, மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. 1947-இல் அதன் பயிற்சி மையம் வெலிங்டனுக்கு வந்தது. அசாயே யானை அதன் சின்னமாயிற்று. 'வீர மதராசி, அடி கொல்லு' என்பது அதன் போர்முழக்கம். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் இளைஞர்கள் கீழே சமவெளியிலிருந்து வந்து, ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் குளிரோடும் மூடுபனியோடும் பழகிப் படைவீரர்களானார்கள். பட்டாலியன்கள் எல்லைக்கும் எங்கெங்கோ உள்ள முகாம்களுக்கும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். மையம் மட்டும் இடம் மாறாது. ஓர் அணி வேர்விட அந்த நிலைத்தன்மை போதும்.

பீட்டர் தங்கராஜின் கதையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் அவர். மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு 1953-இல் ரெஜிமென்டில் சேர்ந்தார். சேர்ந்தபோது அவர் கோல்கீப்பர் அல்ல, முன்களத்தில் கோல் அடிக்க நின்றவர். ஆறடியைத் தாண்டிய உடம்பும் நீண்ட கைகளும் கோல்கம்பங்களுக்கு இடையில்தான் முழுப்பயன் தரும் என்று வெலிங்டனில் தெளிவாயிற்று. இந்தியக் கால்பந்துக்கு அந்த மாற்றம் தந்தது கொஞ்சமல்ல. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் அவர் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயரெடுத்தார். 1960-இல் அவர் தலைமையில் படைகளின் பொது அணியான சர்வீசஸ் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன்பின் படையை விட்டுக் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குப் போனார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றபோது கோலைக் காத்து நின்றவர் அவரே. 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-இல் மறைந்தார். முன்கள ஆட்டக்காரராகவே அவர் தொடர்ந்திருந்தால், அந்தப் பொன்னாண்டுகளின் இந்திய அணி வேறு ஓர் ஆளைக் கோலில் நிறுத்தித் தடுமாறியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1955 இறுதியாட்டத்தில் மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் இந்திய விமானப்படையை 3-2 என்று வென்றது. டூரண்டை வென்ற முதல் இந்தியத் தரைப்படை அணி அதுதான். 1958-இல் எதிரே நின்றது கூர்க்கா பிரிகேட். அந்த அணியும் மிக நல்ல அணி. 1966-இலும் 1969-இலும் கோப்பையை வென்று அதை நிரூபித்தது. எனினும் அந்த ஆட்டத்தின் வரலாற்றுப் பொருத்தத்தை எண்ணினால் உடல் சிலிர்க்கிறது. போர்க்குலம் என்று ராபர்ட்ஸ் உயர்த்திப் பிடித்தவர்கள் ஒருபுறம், ஆகாதவர்கள் என்று அவர் தள்ளியவர்களின் வழிவந்தோர் மறுபுறம். அவர் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் பிறந்த கோப்பை நடுவில். மதராஸ் 2-0 என்று வென்றது.

படையின் பெயரால் கிளப் நடப்பது உலகுக்குப் புதிதன்று. ராயல் இன்ஜினியர்ஸ் 1875-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. ஹங்கேரியில் கிஷ்பெஸ்ட் கிளப்பை 1949-இல் படை தன்வசமாக்கி ஹோன்வேத் என்று பெயரிட்டது. ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த ஆட்டக்காரர் புஷ்காஷ் அப்படித்தான் மேஜரானார். 1956-இல் புரட்சி வெடித்ததும் அவர் உட்பட முன்னணி ஆட்டக்காரர் சிலர் நாடு திரும்பவில்லை. அந்தப் பெரும் அணி கலைந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குச் சீருடை மாட்டிய அணி அது. வெலிங்டனிலோ சிப்பாயாகச் சேர வந்த இளைஞர்களிலிருந்து ஆட்டக்காரர் உருவாயினர். ஊதியம் படைச் சம்பளம்தான். ஆயினும் ஒழுங்கிலும் உடல் தகுதியிலும் அன்றைய எந்தக் கிளப்புக்கும் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர்.

மலையடிவாரத்தில் கோவை நேரு மைதானத்தைத் தளமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஸ்பானிய ஆட்டக்காரர்களும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து ஆடிய அழகான ஆட்டம் அது. மிகச் சில ஆண்டுகளில் அந்த அணி லீக்கிலிருந்தே மறைந்தது. கிளப் என்பதை அதன் பணத்தைக் கொண்டு அளந்தால், பணம் போனதும் கிளப் போகும். ரெஜிமென்டுக்கோ தலைமுறை தலைமுறையாக ஆள் வருகிறது; சின்னமும் முழக்கமும் முகவரியும் மாறாமல் இருக்கின்றன. தெற்கின் நான்கு மொழிக்காரர்களும் ஒரே அணியாக ஆடிய இடம் அது. 1956-இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தன. அந்தப் பிரிப்புக்கு முன் ஒரு கோப்பை, பின் ஒரு கோப்பை என்று இரண்டையும் மதராஸ் என்ற பெயரே சுமந்து வந்தது.

குன்னூருக்கு வருகிறவர்களுக்கு சிம்ஸ் பூங்காவையும் தேயிலைத் தொழிற்சாலையையும் காட்டுகிறோம். 1955, 1958 அணிகளில் ஆடிய அத்தனை பேரின் பெயரையும் ஊரையும் ரெஜிமென்டின் ஆவணங்களிலிருந்து கேட்டுப் பெற்று, மாவட்ட லீக் ஆட்டங்கள் நடக்கும் மைதானத்தின் வாசலில் தமிழில் கல்லில் பொறிக்க வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே அதைப் படிக்கட்டும். அப்படியொரு மலரை வெளியிட முன்வருவோரும் நீலகிரிக் கால்பந்து அன்பர்களும் அந்தப் பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும்.