ஆண்ட்ராய்டு திறந்த மூல மென்பொருள்தானே, பிறகு நம் இருப்பிடம் எப்படி வெளியே போகிறது?

தொழுகை நேரம் காட்டும் செயலி இல்லாத கைப்பேசி இன்று நம் வீடுகளில் அரிது. பாங்கு ஒலிக்கிறது, கிப்லா காட்டுகிறது, ரமலானில் ஸஹர், இஃப்தார் நேரத்தை நினைவூட்டுகிறது. அப்படிப்பட்ட செயலிகளில் மிகப் பிரபலமான முஸ்லிம் ப்ரோ பற்றி 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. பயனர்களின் இருப்பிடத் தகவல் அச்செயலியிலிருந்து எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள் என்பதே செய்தி. எக்ஸ்-மோடுடனான தொடர்பை நிறுத்திவிட்டதாக முஸ்லிம் ப்ரோ உடனே அறிவித்தது. அடுத்த மாதமே கூகுளும் ஆப்பிளும் எக்ஸ்-மோடின் நிரலைத் தங்கள் தளங்களில் உள்ள செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லின.

ஆண்ட்ராய்டின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாமே, அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நாம் கடையில் வாங்கும் கைப்பேசியில் இரண்டு அடுக்குகள் உள்ளன. அடியில் இருப்பது லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்ட திறந்த மூல ஆண்ட்ராய்டு. இதை எவரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதன் மேல் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ், வரைபடம் போன்ற கூகுளின் மென்பொருள்கள் வருகின்றன. இவற்றின் மூல நிரல் வெளியே தெரியாது. பெற வேண்டுமானால் தயாரிப்பாளர் கூகுளுடன் ஒப்பந்தம் போட வேண்டும். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே நிறுவ வேண்டும் என்ற நிபந்தனைக்காகவும், மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை விற்கத் தடை விதித்ததற்காகவும் 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு தொடர்பாக ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. அடி அடுக்கு இலவசம். வருமானம் மேல் அடுக்கில். செயலிகளை எழுதுவோரும் அந்த வழியிலேயே விளம்பர நிறுவனங்களின் நிரல்களைத் தம் செயலிக்குள் சேர்க்கிறார்கள்.

மாற்று தேடியவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மோட், ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய ஆண்ட்ராய்டு. 2013இல் அதைச் சுற்றி ஒரு நிறுவனம் உருவானது, முதலீடு வந்தது. இந்தியாவில் மைக்ரோமேக்ஸுக்குத் தனியுரிமை கொடுத்ததால் ஒன்பிளஸுடன் தகராறு மூண்டு, 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு மைக்ரோசாஃப்டின் செயலிகளைச் சேர்க்க ஒப்பந்தம். கூகுளிடமிருந்து விடுதலை என்று ஆரம்பித்தது வேறொரு பெரிய நிறுவனத்தின் வாசலில் போய் நின்றதைப் பார்த்துப் பயனர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் சேவைகள் மூடப்பட்டன. ஆர்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மூலம் திறந்திருந்ததன் பலன் அது: நிறுவனம் போனாலும் நிரல் போகவில்லை.

லீனியேஜ் ஓஎஸ்ஸில் கூகுள் செயலிகள் இயல்பாக இருக்காது. ஆனால் அதை எல்லாக் கைப்பேசிகளிலும் நிறுவ முடியாது. சில வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுக்கும். வீட்டில் உம்மாவின் கைப்பேசியில் நிறுவிக் கொடுக்கும் காரியமல்ல இது என்றே நாம் கருதுகிறோம்.

இருக்கும் கைப்பேசியிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. தமிழகத்தில் கிழக்கு மேற்காகச் சுமார் 27 கிலோமீட்டர் நகர்ந்தால்தான் தொழுகை நேரம் ஒரு நிமிடம் மாறும். கிப்லாவின் திசையோ ஒரே ஊருக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. எனவே நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பது அச்செயலிக்குத் தேவையே இல்லை. ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் இருப்பிட அனுமதியை முற்றிலும் மறுத்துவிடலாம். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள தோராயமான இருப்பிடம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பயன்படுத்தும்போது மட்டும் என்று அனுமதி கொடுக்கலாம். அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடுங்கள். வெவ்வேறு செயலிகளிலிருந்து வரும் தகவல்கள் ஒரே ஆளுடையவை என்று வியாபாரிகள் கோத்துப் பார்ப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.