சத்திரத்திலிருந்து பாயிண்ட்ஸ் வரை: பட்டணத்தில் ஒரு குடும்பம் தங்கிய வரலாறு

விருத்தாசலம் என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று பழமலைநாதர் கோயில். மற்றொன்று பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் இங்கே பீங்கான் தொழில் வேர்விட்டது. தொழிற்பேட்டை வந்தது, தொழிலைக் கற்றுத்தர அரசு நிறுவனமும் வந்தது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்கள் எல்லாம் இங்கிருந்து வெளியூர் போகின்றன.

கோயிலால் ஊருக்கு விருந்தாளிகள் வந்தார்கள். விருத்தகாசி என்று பெயரெடுத்த ஊர் அல்லவா! மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் முழுக வருகிறவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர் இது. பீங்கானோ ஊர்க்காரர்களை வெளியே அனுப்பியது. சரக்கு விற்க, ஆர்டர் பிடிக்க, பணம் வசூலிக்க என்று சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 1920களின் இறுதியில் விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் திறக்கப்பட்ட பிறகு எழும்பூர் ஒரு ராத்திரிப் பயணம்தான். தனி ஆள் என்றால் ரயில் நிலையத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடலாம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் என்று குடும்பமாகப் போனால் எங்கே தங்குவது?

இன்று இந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு பதில் இருக்கிறது. மூலப்பொருளுக்கும் மின்கட்டணத்துக்கும் கிரெடிட் கார்டில் பணம் கட்டுகிற ஒரு சிறு பட்டறைக்காரர், அதில் சேர்ந்த பாயிண்ட்ஸை வைத்தே சென்னையில் நட்சத்திர ஓட்டலில் அறை எடுக்க முடியும். இது ஏதோ அமெரிக்காவில் கண்டுபிடித்து இங்கே இறக்குமதியான சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மறுபாதி தமிழ்நாட்டின் பழைய சந்தைப்பேட்டைகளில் கிடக்கிறது.

மூன்று நாள் சத்திரம்

முதலில் சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் உள்ள சத்திரத்தைத் தெரியாதவர் குறைவு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இவற்றின் மானியத்தில் கை வைத்துவிடுமோ என்று அஞ்சிய இரண்டாம் சரபோஜி, 1801இல் தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விளக்குகிறார்: வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியர், விஷக்கடிக்குத் தனி வைத்தியர், குழந்தைகளுக்குப் பால், பிரசவ காலத்துப் பெண்களுக்குக் கவனிப்பு, வழியில் இறந்துபோனால் அடக்கச் செலவு. குடும்பம் தங்குவது என்றால் என்னென்ன தேவை என்று இத்தனை நுணுக்கமாக எந்த ஓட்டல் விளம்பரமும் சொன்னதில்லை.

சென்னையில் ரயில் வந்த பிறகு இதன் நகரத்து வடிவம் பிறந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சத்திரம் அதற்கு நல்ல உதாரணம். (ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரில் இருப்பவரும் இவரேதான்.) ரயிலை விட்டு இறங்கி மூட்டை முடிச்சோடு தெருவைக் கடந்தால் போதும். சத்திரங்களின் பொது வழக்கம் மூன்று நாள். அதற்கு மேல் தங்கினால் விருந்தாளி குடித்தனக்காரனாகிவிடுவான் என்ற பயம் போலும்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு இடம் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தின் பதில் ஒன்றும் இனிமையானதல்ல. பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு சமையல். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் வாசலோடு சரி. 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்த அம்பேத்கருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்து தடியோடு வந்து மிரட்டினார்கள். வெளியேறினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கே இந்த நிலை என்றால், கைக்குழந்தையோடு பட்டணம் வந்த ஒரு சேரிக் குடும்பத்தின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, பொது இடங்கள் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஓட்டல், கடை என்று பெயர் சொல்லியே இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் சத்திரங்களையும் அதில் சேர்த்தது. சட்டம் வந்ததும் வழக்கம் மாறிவிடவில்லை. 1957இல்கூட திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

மகமை

இப்போது சந்தைப்பேட்டைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) பக்கத்து நாடார் வியாபாரிகளுக்கு ஒரு சிக்கல். மாட்டு வண்டியில் சரக்கோடு ஊர் ஊராகப் போகிறார்கள். இரவில் தங்க இடம் இல்லை. சத்திரத்தில் சேர்க்க மாட்டார்கள், வழியில் கொள்ளை பயம் வேறு. அவர்கள் கண்ட வழிதான் பேட்டை. வண்டி, மாடு, சரக்கு, ஆள் எல்லாம் பத்திரமாக இரவைக் கழிக்கச் சுற்றுச்சுவரோடு ஒரு வளாகம். செலவுக்கு மகமை: ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துப் பொது நிதியில் போடுவது. அதை உறவின்முறை நிர்வகித்தது.

நீ வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு துளி சேர்கிறது, பிறகு வெளியூர் போனால் உனக்குத் தங்க இடம் கிடைக்கிறது. இன்றைய லாயல்டி பாயிண்ட்ஸின் இலக்கணம் இதேதான்! ஒரே ஒரு வித்தியாசம், அதுவும் பெரிய வித்தியாசம். மகமைக் கணக்கு கொடுத்தவர்களின் கையில் இருந்தது. அதனால்தான் பேட்டையோடு நிற்காமல் பள்ளிக்கூடமாகவும் மாற முடிந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியில் வளர்ந்தது.

நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கும் மகமை உண்டு. காசியில் அவர்களுடைய நகரச் சத்திரம் 1863இல் தொடங்கியது. செட்டிநாட்டிலிருந்து அத்தனை தூரம் போகிற குடும்பத்துக்கு மொழி புரிகிற ஓர் ஆள், வாய்க்குப் பழகிய சாப்பாடு, பாதுகாப்பான அறை. மற்ற சமூகங்களும் பழனியிலும் திருச்செந்தூரிலும் தங்கள் பெயரில் மடங்கள் கட்டிக்கொண்டன. எல்லாம் உள்ளே இருப்பவருக்குச் சொர்க்கம்தான். வெளியே நிற்பவருக்குப் பூட்டிய கதவு. சத்திரத்தில் விரட்டப்பட்டவர்களே தங்களுக்கென்று கட்டிய இடத்திலும் 'நம்மவர்' என்ற எல்லைக்கோடு இருந்ததை மறைப்பதற்கில்லை.

காசு கொடுத்தால் அறை

ஓட்டல் வந்ததும் சாதி கேட்பது மெல்லக் குறைந்து, காசு கேட்பது வந்தது. சென்னையில் கன்னிமாரா ஓட்டல் வெள்ளைக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு வழி திறந்தது உடுப்பிக்காரர்கள். கே.கிருஷ்ணாராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார். 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் வந்தது. சைவச் சாப்பாடு, சுத்தமான அறை, பெண்களோடு வந்தால் தயங்காமல் தங்கலாம் என்ற பெயர். எழும்பூரில் இறங்கும் தென்மாவட்டக் குடும்பங்களுக்கு கென்னத் லேன் லாட்ஜுகள். அதற்கும் வசதியில்லாதவர்களுக்கு எம்.எல்.ஏ. ஹாஸ்டல்! தொகுதிக்காரர் ஒருவரின் சிபாரிசில் அறை பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பம் ஒரு வாரம் தங்கிய கதை தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கலாம். கட்சிக்குக் காட்டிய விசுவாசத்துக்குக் கிடைத்த அறை என்று பார்த்தால் அதுவும் லாயல்டி திட்டம்தான்.

1974இல் தாஜ் கோரமண்டல், 1975இல் ஐ.டி.சி.யின் முதல் ஓட்டலான சோழா. இரண்டும் கம்பெனி அதிகாரிகளுக்கும் வெளிநாட்டவருக்கும். பீங்கான் விற்கப் போனவர் அந்த வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்.

கடல் கடந்து அமெரிக்காவில் இதே காலத்தில் நடந்ததைப் பார்த்தால் ஒற்றுமை வியப்பாக இருக்கும். அங்கே கறுப்பினக் குடும்பங்கள் காரில் வெளியூர் போனால் எந்த விடுதியில் சேர்ப்பார்கள் என்று பட்டியலிட்ட 'கிரீன் புக்' 1936 முதல் முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம்தான் ஓட்டல் கதவுகளைச் சட்டப்படி திறந்தது. இன்னொரு பக்கம், 1951இல் கெமன்ஸ் வில்சன் என்பவர் ஐந்து பிள்ளைகளோடு வாஷிங்டன் போனார். மோட்டல்களில் பிள்ளைக்கு இரண்டு டாலர் வீதம் கூடுதலாகக் கேட்டார்கள். எரிச்சலோடு திரும்பியவர் 1952இல் மெம்பிஸில் ஹாலிடே இன் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பதே அதன் கவர்ச்சி. இந்த ஹாலிடே இன்தான் 1983இல் ஓட்டல் துறையில் முதன்முதலாகப் பாயிண்ட்ஸ் திட்டத்தையும் கொண்டுவந்தது.

பாயிண்ட்ஸ் வந்த கதை

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1896இலேயே அங்கே கடைகளில் பொருள் வாங்கினால் பச்சை முத்திரைகள் தருவார்கள். புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் வீட்டுச் சாமான் கிடைக்கும். 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கி, கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும், 1987இல் ஹில்டனும் பின்தொடர்ந்தன.

இதில் ஒரு தந்திரம் உண்டு. டிக்கெட்டுக்கும் அறைக்கும் பணம் கட்டுவது அலுவலகம். பாயிண்ட்ஸ் சேர்வதோ பயணம் செய்கிற ஆளின் பெயரில். வருஷத்தில் நூறு நாள் வீட்டைவிட்டு வெளியே இருந்தவர், சேர்த்த பாயிண்ட்ஸில் குடும்பத்தைக் கூட்டிப்போய் ஒரு வாரம் தங்கவைப்பார். பிரிந்திருந்ததற்கு ஒரு நஷ்டஈடு மாதிரி.

இந்தியாவில் 2000களுக்குப் பிறகு கிரெடிட் கார்டு இதைச் சிற்றூர்வரை கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் டாடா நியூ வந்தது. அதன் ஒரு காயின் ஒரு ரூபாய், தாஜ் ஓட்டல்களிலும் செல்லும். 2023 ஆகஸ்டில் மேரியட் பெயரிலேயே எச்.டி.எஃப்.சி. வங்கி ஒரு கார்டு வெளியிட்டது. ஓட்டல் பக்கமே போகாத ஒருவர், மளிகைக் கணக்கிலும் டீசல் கணக்கிலும் ஓட்டலுக்கு 'விசுவாசி' ஆகலாம்.

ஆனால் மகமையில் இருந்த பிடி இங்கே இல்லை. ஸ்டார்வுட் கம்பெனியை மேரியட் 2016இல் வாங்கியது, 2018இல் இரண்டு திட்டங்களும் ஒன்றாயின. எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட்ஸ் என்று அச்சிட்டிருந்த அட்டவணையை ஹில்டன் 2017இல் கைவிட்டது, மேரியட் 2022இல். இப்போது நாளுக்கொரு விலை. தீபாவளி, பொங்கல் விடுமுறை என்று குடும்பம் கிளம்பும் நாட்களில்தான் அது ஏறும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது மைல் சேர்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். திட்டம் வேறு பெயரில் பிழைத்ததே தவிர, எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை.

குடும்பம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. சத்திரத்தில் குடும்பம் என்றால் வந்தவர்கள் அத்தனை பேரும். பாயிண்ட்ஸ் கணக்கில் ஓர் அறைக்கு இரண்டு பெரியவர்கள், கூட ஒன்றிரண்டு சிறு பிள்ளைகள். பாட்டியைச் சேர்த்தால் கூடுதல் படுக்கை, அல்லது இரண்டாவது அறை. அதற்கு இரட்டிப்புப் பாயிண்ட்ஸ். ஒன்பதாயிரம் ரூபாய் அறையை 12,000 பாயிண்ட்ஸுக்குக் கேட்டால் பாயிண்ட்டுக்கு 75 காசு என்று வகுத்துப் பார்க்கலாம். காலைச் சாப்பாடு அதில் சேர்த்தியா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கிரீம்ஸ் சாலையில் ஆஸ்பத்திரி, பாயிண்ட்ஸ் அறை இருப்பதோ கிண்டியில் என்றால் ஐந்து பேர் போய்வரும் வண்டிச் செலவையும் கழிக்க வேண்டும். இத்தனையும் கழித்த பிறகு, எழும்பூரில் இறங்கிச் சாலையைக் கடந்து கென்னத் லேனுக்கு நடப்பதே லாபம் என்று பல நேரம் விடை வரும்.

பீங்கான் சூளையில் கூலி வாங்குகிறவருக்கோ இந்தக் கணக்குப் போட வேண்டிய அவசியமே வருவதில்லை. கார்டு இல்லை, பாயிண்ட்ஸும் இல்லை. அவர் குடும்பம் சென்னைக்கு வந்தால் உறவினர் வீட்டுக் கூடமோ, அரசு ஆஸ்பத்திரி வராந்தாவோதான்.

பழைய முறை செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. காசி நகரச் சத்திரத்துக்கு 60 கோடி ரூபாய் செலவில் 140 அறைகளோடு பத்து மாடிப் புதுக் கட்டடம் எழும்பி, 2025 அக்டோபர் இறுதியில் குடியரசுத் துணைத் தலைவர் சி.பி.ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.