மெஷினுக்கும் காய்ச்சல் வரும்!

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி. 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழ் கற்று, வீரமாமுனிவராகி, வாழ்ந்த ஊர். 'திருக்காவலூர்' என்று இதற்கு அழகாகப் பெயர் சூட்டியவரும் அவரே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனதும் சாட்சாத் இவர்தான். அந்தப் பொருட்பாலில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. வைத்தியருக்கு வள்ளுவர் அதில் ஒரு வரிசை போட்டுத் தருகிறார். முதலில் நோய் என்னவென்று பார். அது எங்கிருந்து கிளம்பியது என்று பார். சிகிச்சையெல்லாம் அதற்கு அப்புறம்!

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? பர்ஸ் காலியாகும்! ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். சித்திரை வெயில். பையன் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுகிறான். முதல் இருபது நிமிடம் கார் பறக்கிறது. திடீரென்று திக்கித் திணறுகிறது. 'கிராபிக்ஸ் கார்டு போச்சு, முப்பதாயிரம் ஆகும்' என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நாடி பார்க்கவில்லை, அதற்குள் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று!

முதலில், ஓடுவது என்ன என்று பார்த்துவிடுவோம். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுத்து வைத்தவை. கேமில் அப்படியில்லை. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகுதான் அடுத்த படத்தையே கம்ப்யூட்டர் வரைய வேண்டும். ஒரு படத்துக்கு 'ஃப்ரேம்' என்று பெயர். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி செகண்ட். அதாவது, ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் சுமார் 17 துண்டு! அதற்குள் பிராசஸர் கணக்குப் போட்டுத் தர, கிராபிக்ஸ் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். இரண்டில் எது தாமதித்தாலும் கார் நொண்டும்.

இந்த நொண்டலுக்கு ஒரு சுவாரஸ்யமான சரித்திரம் இருக்கிறது. 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசையாக, 55 வேற்றுக்கிரகவாசிகள் அணிவகுத்து இறங்குவார்கள். சுடச் சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அப்படித் திட்டமிடவே இல்லை! பாவம், அந்தக் காலத்து இன்டெல் 8080 சிப்புக்கு 55 பேரை நகர்த்துவதே பெரும்பாடு. ஆள் குறையக் குறையச் சுமை குறைந்தது. வேகம் தானாகக் கூடியது. 'அட, இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது!' என்று மனிதர் அப்படியே விட்டுவிட்டார். ஆக, முதல் காரணம் - சுமை.

இரண்டாவது காரணம் வெளிச்சத்துக்கு வந்தது 2001-ல். தாமஸ் பாப்ஸ்ட் நடத்திய 'டாம்ஸ் ஹார்ட்வேர்' ஒரு விபரீதப் பரிசோதனை செய்தது. 'குவேக் 3' கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிராசஸரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகட்டையும் ஃபேனையும் சேர்த்துக் கழற்றி எடுத்துவிட்டார்கள்! அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4? கேம் தட்டுத்தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. தகட்டை மறுபடி வைத்ததும் பழைய வேகம் திரும்பிவிட்டது! சூடு எல்லை மீறியதும் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. இன்றைய பிராசஸரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் இந்தத் தற்காப்பு உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு 'படுத்துக்கொள்' என்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி!

மூன்றாவது விஷயம், நம்மை ஏமாற்றும் சராசரி. ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் முக்கால் நொடிக்குள் ஓடிவிட்டு, மிச்சமுள்ள ஒரே ஒரு ஃப்ரேம் கால் நொடி நின்றால்? சராசரி அதே 60தான். ஆனால் அந்தக் கால் நொடியில் உங்கள் கார் மரத்தில் மோதியிருக்கும்! 2011-ல் 'டெக் ரிப்போர்ட்' ஆசிரியர் ஸ்காட் வாஸன் இதைத்தான் சுட்டிக்காட்டினார். மொத்த எண்ணிக்கை போதாது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவேண்டும் என்றார். கேம் சோதிப்பவர்களின் அளவுகோலே அதற்குப் பிறகு மாறியது.

சரி, நம் வீட்டு மெஷினுக்கு நாடி பிடிப்போமா? கேள்வி ஒன்றுதான்: திணறல் எப்போது வருகிறது?

ஆரம்பத்திலிருந்தே என்றால், சுமை. கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. மாற்றமே இல்லையென்றால் பிராசஸர் மீது சந்தேகப்படலாம்.

நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்து என்றால், சூடு. 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' போன்ற இலவச மென்பொருள்கள் வெப்பத்தையும் சிப்பின் வேகத்தையும் திரையிலேயே காட்டும். வெப்பம் ஏறி உச்சத்தில் நிற்கிறது, சிப்பின் வேகம் சரிகிறது, ஃப்ரேமும் விழுகிறது... மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தால் ஆசாமி பிடிபட்டான்!

எப்போதாவது ஒரே ஒரு குலுக்கல் என்றால், ரேம் நிறைந்திருக்கலாம். பின்னணியில் வைரஸ் ஸ்கேன் ஓடலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலைகளின் ஊர். புழுதிக்குக் கேட்க வேண்டுமா! ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரிப் படிந்துவிட்டால் சூடு எங்கே போகும்? கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் திணறினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம், சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் பசை காய்ந்துபோயிருக்கலாம்.

இதையெல்லாம் செய்யாமல் முப்பதாயிரத்துக்குப் புது கார்டு வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? அதையும் அதே தூசிப் பெட்டிக்குள்தான் மாட்டுவீர்கள். இருபது நிமிடம் பறக்கும். அப்புறம் அதற்கும் காய்ச்சல் வரும்!