நாணயம் என்னும் சொல்லும் பூஜப்புரையின் இரு கட்டடங்களும்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரைப் பகுதியில் இரண்டு கட்டடங்கள் உள்ளன. ஒன்று மத்தியச் சிறை. மற்றொன்று, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்படும்வரை திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியின் தலைமையகமாக விளங்கியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செல்வர்களுக்கும் வங்கியாளர்களுக்கும் இடையிலான உறவின் வரலாறு ஓரளவு புலப்படும்.

வளரும் பொருளாதார நாடுகளில் இன்று 'பிரைவேட் பேங்கிங்' விரைந்து பரவிவருகிறது. பெருஞ்செல்வர் ஒருவருக்கெனத் தனி அலுவலரை அமர்த்தி, அவர் குடும்பத்தின் முதலீடு, வரி, வாரிசுரிமை ஆகிய அனைத்தையும் கவனிக்கும் முறை இது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. 'தனியார் வங்கி' என்றால் அது உடைமையைக் குறிக்கும், சேவையைக் குறிக்காது. சொல் இல்லாமையால் பொருளும் புதியது என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று.

பர்மா, மலாயா, இலங்கை எனப் பரவியிருந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளில், உரிமையாளர் இட்ட 'முதல் பணம்', உறவினர் வைப்பான 'சொந்தப் பணம்', மனைவியரின் சீதனத்திலிருந்து வந்த 'ஆச்சிமார் பணம்' என வைப்புகள் வகைபிரிக்கப்பட்டிருந்தன. பணத்தின் பெயரே அது யாருடையது என்பதைச் சொல்லிற்று. ஒருவரையொருவர் அறிந்த செல்வர்களுக்கிடையே இயங்கிய இவ்வமைப்பிற்கு உறவும் மரபும் ஊர்க்கோயிலுமே பிணை. தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று என்று தோன்றுகிறது.

பெயரை நம்பிப் பணம் தரும் இம்முறை, பெயரை மட்டுமே அறிந்த பொதுமக்களிடம் விரிந்தால் என்ன ஆகும்? திருவிதாங்கூர் இக்கேள்விக்கு விடை தந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப்பயிர்களும் மலைச்சரக்கு வணிகமும் ஈட்டித்தந்த பணத்தைக் கொண்டு இங்கே ஏராளமான சிறு வங்கிகள் தோன்றின. அவற்றுள் பல, குடும்பப் பெயரின் செல்வாக்கில் நின்றவை. 1912இல் திருவல்லையில் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கிக்குக் கே. சி. மாம்மன் மாப்பிள்ளையும், கொல்லம் வங்கிக்கு சி. பி. மாத்தனும் தலைமை தாங்கினர். 1937இல் இரண்டும் இணைந்து தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயின. 1938 ஜூனில் அவ்வங்கி பணம் வழங்குவதை நிறுத்தியது.

திவான் சி. பி. இராமசாமி ஐயரின் அரசியல் பகையே வீழ்ச்சிக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். மாம்மன் மாப்பிள்ளையின் மலையாள மனோரமா நாளிதழும் அதே ஆண்டு முடக்கப்பட்டு 1947இல்தான் மீண்டும் வெளிவந்தது என்பது அவர்கள் காட்டும் சான்று. வங்கியின் உள்நிலையே பலவீனமானது என்பர் மறுசாரார். 1935இல்தான் தோன்றியிருந்த ரிசர்வ் வங்கியும் கைகொடுக்கவில்லை. தலைவர்கள் இருவரும் சென்னையில் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரம் கொண்டுவரப்பட்டனர். பூஜப்புரைச் சிறையில் அடைக்கப்பட்டனர். காரணம் எதுவாயினும் ஒன்று தெளிவு: பெயரையே பிணையாகக் கொண்ட வங்கியை வீழ்த்த, அப்பெயரின்மீது ஐயத்தை விதைத்தாலே போதும். அந்த ஐயம் பரவியபோது, இயக்குநர்களின் முகத்தையே காணாத சிறு வைப்பாளரும் சேர்ந்து இழந்தார்.

அடுத்து நிகழ்ந்தவை இவ்விழப்பின் விளைவுகளாகவே வாசிக்கத்தக்கவை. 1945இல் அரசின் ஆதரவோடு திருவிதாங்கூர் வங்கி உருவாயிற்று; 1960இல் அது ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாயிற்று. வங்கிகளை முறைப்படுத்தும் அனைத்திந்தியச் சட்டம் 1949இல் வந்தது. எனினும் 1960இல் பாலா சென்ட்ரல் வங்கியும் வீழ்ந்தது. அதன்பின் 1962 ஜனவரி 1 அன்று வைப்புக் காப்பீட்டுக் கழகம் இயங்கத் தொடங்கியது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் அவ்வரம்பு 5 லட்சம் ரூபாய்.

அந்த வரம்பில்தான் இன்றைய 'பிரைவேட் பேங்கிங்' குறித்த கேள்வி அடங்கியுள்ளது. 5 லட்சம்வரை பிணை நிற்பது சட்டம். அதற்கு மேல், கோடிகளை ஒப்படைக்கும் செல்வர் நம்புவது மீண்டும் ஒரு பெயரையும் ஒரு முகத்தையுமே. வளைகுடாவில் ஈட்டிய செல்வத்தோடு கேரளம் திரும்புபவரும் இதற்கு விலக்கல்லர். அவர் பணத்தில் பெரும்பகுதி சந்தை முதலீடுகளில் இருப்பதால் காப்பீடு அதைத் தொடுவதே இல்லை. ஆச்சிமார் பணத்திற்கு உறவு காவல் நின்றது. இதற்கு எது காவல்?

வங்கி வரலாறு பயிலும் மாணவர்கள் வைப்புத் தொகைகளை மட்டுமன்றி, ஒவ்வொரு காலத்திலும் நாணயத்திற்கு யார் பிணை நின்றார்கள், பிணை முறிந்தபோது யார் இழந்தார்கள் என்பதையும் கணக்கிட வேண்டும். 1938இன் பேரேட்டில் நாம் இன்னும் சரிவரப் படிக்காத பக்கம் அதுவே.