உபகாரச் சம்பளம்

அரசுப்பணியா, தனியார்பணியா என்னும் விவாதம் பெரும்பாலும் மாதச் சம்பளச் சீட்டோடு நின்றுவிடுகிறது. வாழ்நாள் ஊதியத்தை ஒப்பிட விழைவோர், ஓய்வுக்குப் பின் வரும் தொகைக்குத் தமிழில் முன்பு வழங்கிய பெயரிலிருந்து தொடங்கலாம்: உபகாரச் சம்பளம். சம்பளம்தான், ஆனால் உபகாரமாகத் தரப்படுவது.

அக்காலச் சட்டத்தின் பார்வையும் அதுவே. அதிகாரியின் சான்றின்றி ஓய்வூதிய வழக்கை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கலாகாது என்றது 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். 111 ஆண்டுகள் கழித்து, 1982 டிசம்பர் 17 அன்று, நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு வேறொன்று சொன்னது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றோருக்குப் புதிய கணக்கீடு பொருந்தாது என்ற பாகுபாட்டை நீக்கிய அத்தீர்ப்பு, ஓய்வூதியம் கொடையன்று, செய்த பணிக்கான ஊதியமே என்றது. தமிழின் 'ஓய்வூதியம்', மராத்தியின் 'நிவிருத்திவேதன்' ஆகிய இரு சொற்களிலும் உபகாரம் இல்லை, ஊதியமே நிற்கிறது.

தனியார்துறையில் இம்மாற்றம் பாதிதான் நிகழ்ந்தது. புணேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைத் தொழிலாளி ஒருவரை எண்ணிப்பாருங்கள். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 முதல் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். சலுகை ஆண்டுகளும் சேர்ந்து 35 ஆண்டு என்று கொண்டால், மாதம் 7,500 ரூபாய் வரும். அகவிலைப்படி கிடையாது; விலைவாசி ஏற ஏற அத்தொகை உள்ளுக்குள் தேயும். பழைய திட்டத்தின் அரசு ஊழியருக்கோ கடைசி ஊதியத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி. பணிக்காலச் சம்பளம் சமமாக இருந்தாலும், ஓய்வுபெற்ற பின்னரான இருபது ஆண்டுகளில் இடைவெளி ஆண்டுதோறும் விரியும். ஒப்பீடுகள் பலவும் கணக்கில் கொள்ளாத பகுதி இதுவே.

அரசும் பின்வாங்கியது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் மகாராட்டிரத்தில் 2005 நவம்பர் 1 முதலும் பணியில் சேர்ந்தோர் பங்களிப்புத் திட்டத்தின்கீழ் வந்தனர். 2023 மார்ச்சில் மகாராட்டிர ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது முழக்கம் 'ஏகச் மிஷன், ஜுனி பென்ஷன்' என்பதாக இருந்தது: ஒரே இலக்கு, பழைய ஓய்வூதியம். (மிஷனோடு இயைபு கொள்ள 'வேதன்' உதவாது.) 2024 ஆகஸ்டில், 25 ஆண்டுப் பணிக்குப் பாதி ஊதியத்தை உறுதிசெய்யும் ஒருங்கிணைந்த திட்டத்தை மாநில அமைச்சரவை ஏற்றது. ஆலைத் தொழிலாளியின் வகு எண் இன்னும் 70தான்.