ஒரே கார், மூன்று லேபிள்: பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ



நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 5 மீட்டர் நீளம். இன்று நம்மில் பலர் வைத்திருக்கும் சின்ன செடான்களுக்கு அது தாராளம். 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் செடானின் வாலையும் நறுக்கி 4 மீட்டருக்குள் அடக்கிவிட்டன. வரி எங்கே குறைகிறதோ அங்கே காரின் உருவமும் மாறும் என்பதற்கு இது ஒரு கணக்குப் பாடம். ஆனால் 70 வருடத்துக்கு முந்திய ஒரு பிளிமத்தை அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏறத்தாழ 16 அடி நீளம். முன்னும் பின்னும் மூன்று விரல் இடம்தான் மிஞ்சும். டிக்கியைத் திறக்க வேண்டுமென்றால் பக்கத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இளையவர்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், "பிளசர்" என்பார்கள். கொங்கு நாட்டில் கார் என்ற சொல்லைவிட பிளசர் என்ற சொல்தான் முன்பு புழக்கத்தில் இருந்தது. தாராபுரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. பஸ் போகாத நேரத்தில் பழனிக்குப் போக, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக, மாப்பிள்ளை அழைக்க எல்லாவற்றுக்கும் வாடகைப் பிளசர்தான். ஐந்து பேருக்கென்று செய்த வண்டியில் பத்துப் பேர் ஏறுவார்கள், மடியில் உட்கார்ந்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல்.

அந்த வண்டிகளில் அமெரிக்கக் கார்களுக்குத் தனி மரியாதை. டாட்ஜ் ஓட்டுகிறவர் பிளிமத்தை மதிக்க மாட்டார். பிளிமத் ஓட்டுகிறவர், "டாட்ஜ் மேட்டில் மூச்சு வாங்கும்" என்பார். டிசோட்டோக்காரர் இருவரையுமே பார்க்க மாட்டார். சிறுவயதில் டீக்கடை பெஞ்சில் இந்த விவாதத்தை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் விற்ற அந்த மூன்றும் அடிப்படையில் ஒரே கார். எஞ்சின் ஒன்று, சட்டம் ஒன்று, கதவு ஒன்று. முன்பக்க கிரில்லும் பெயர்த் தகடும் சில அலங்காரங்களும்தான் வேறு.

திருப்பூரில் வேலை பார்க்கும் நம் குடியிருப்பு நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ரோல் துணி, ஒரே தையல் லைன். காலையில் ஒரு நாட்டு லேபிள், மதியம் இன்னொரு நாட்டு லேபிள். கடையில் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் விலை வேறு, இரண்டுக்கும் ரசிகர் கூட்டமும் வேறு. டெட்ராய்ட்டில் கிரைஸ்லர் கம்பெனி செய்தது இதையேதான்.

வால்டர் கிரைஸ்லருக்கு 1928 முக்கியமான வருடம். ஃபோர்டும் செவர்லேயும் ஆண்டுகொண்டிருந்த மலிவு விலைச் சந்தையில் நுழைய அந்த ஆண்டு பிளிமத்தை இறக்கினார். அதற்குச் சற்று மேலே டிசோட்டோவை வைத்தார். டாட்ஜ் சகோதரர்கள் இருவரும் 1920லேயே காலமாகி, அவர்கள் கம்பெனி ஒரு நிதி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அதையும் அதே 1928ல் வாங்கிக்கொண்டார். பிளிமத் என்ற பெயர் வந்த கதை நம் விவசாயக் குடும்பங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் பயிர்க்கட்டுக் கட்டும் கயிறு ஒன்று பிளிமத் என்ற பெயரில் பிரபலமாக இருந்ததாம். எந்த விவசாயிக்கும் தெரிந்த பெயர் என்பதால் அதையே காருக்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். விளம்பரத்தில் மட்டும் கயிற்றைக் காட்டாமல் மேஃப்ளவர் கப்பலைக் காட்டினார்கள்!

லேபிளைத் தாண்டிச் சரக்கும் நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் பிளிமத்திலேயே நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக். ஃபோர்டு அதற்கு வர 1939 ஆயிற்று. 1931ல் எஞ்சினை ரப்பர் தாங்கிகளில் உட்கார வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். நம் ஊருக்கு வந்த 1949–52 கால வண்டிகளில் இருந்தது வரிசை ஆறு சிலிண்டர், பக்கவாட்டு வால்வு எஞ்சின். 3.6 லிட்டர், 97 குதிரைத்திறன். அன்றைய செவர்லேக்கு 90, ஃபோர்டு வி-8க்கு 100. ஆகவே காகிதத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஓட்டத்தில் வேகம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. மணிக்கு 80 மைல் தொடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து 60 மைலைப் பிடிக்க 20 வினாடிக்கு மேலாகும். இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கே அதை எளிதாகத் தாண்டிப் போய்விடும்.

அதன் பலம் இழுவையில். நிமிடத்துக்கு 1,200 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். அதனால்தான் பத்துப் பேரோடும் மேலே கட்டிய பெட்டிகளோடும் டாப் கியரிலேயே மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து, வழி கிடைத்ததும் கியர் மாற்றாமலே முன்னேறும். அழுத்த விகிதம் ஏறத்தாழ 7 என்ற குறைந்த அளவுதான். மட்டமான பெட்ரோலையும் முணுமுணுக்காமல் குடிக்கும். லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் என்ற கணக்கில் நிறையவே குடிக்கும்!

உட்காரும் வசதி இன்னொன்று. கிரைஸ்லரின் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், தலையில் தொப்பியோடு ஒருவர் காருக்குள் நிமிர்ந்து உட்கார முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். போட்டிக் கம்பெனிகள் கூரையைத் தாழ்த்தி அழகு பார்த்தபோது இவர் கார்கள் உயரமாகவே இருந்தன. அமெரிக்காவில் அது வியாபாரத்தைக் கெடுத்தது. நம் ஊரில் உருமால் கட்டிய பெரியவர்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

இனி இந்தியக் கணக்கு. இந்தியாவில் கார் தொழிற்சாலை வேண்டும் என்று 1930களிலேயே திட்டம் தீட்டியவர் சர் எம். விஸ்வேஸ்வரய்யா. அந்தக் கனவைக் கையிலெடுத்தவர் வால்சந்த் ஹிராசந்த். கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு 1944ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொடங்கினார். சுதந்திரம் வந்த 1947ல் குர்லா ஆலையிலிருந்து முதல் வண்டிகள் வெளியே வந்தன. பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ கார்களும், டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும். டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் என்று பெயர் கம்பீரமாக இருக்கும். இரண்டும் கிரில் மாற்றிய பிளிமத்தான். ஏன் இந்தக் கூத்து? டாட்ஜ் விற்கும் டீலருக்கும் டிசோட்டோ விற்கும் டீலருக்கும் மலிவாக ஒரு கார் வேண்டும். தனித்தனியாக வடிவமைத்தால் செலவு. லேபிள் மாற்றினால் செலவே இல்லை.

அந்த நேரத்தில் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே செவர்லே பூட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்டும் இருந்தது. பெட்டியில் வந்த பாகங்களை இங்கே கோத்து விற்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. 1953ல் சுங்கவரி ஆணையம் ஒரு கோடு கிழித்தது: படிப்படியாக இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். இரண்டு அமெரிக்க ஜாம்பவான்களும் கடையைக் கட்டினார்கள். பிரீமியர் இருந்தது. ஆனால் விலை, வரி, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து பெரிய காரை எட்டாக்கனியாக்கின. 1954ல் பிரீமியர் 1,089 சிசி ஃபியட் 1100ஐச் செய்யத் தொடங்கியது. அதன்பின் அமெரிக்கக் கார்கள் மெல்ல மங்கின.

அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்குச் சரி என்றே படுகிறது. பாகம் செய்யக் கற்றுக்கொள்ளாமல் கோத்துக்கொண்டே இருந்திருந்தால், பின்னால் கோயமுத்தூரிலும் சென்னையிலும் வளர்ந்த வாகன உதிரிபாகத் தொழில் எங்கிருந்து வந்திருக்கும்? அதற்கு விலை கொடுத்தது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள். ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

லேபிள் மாற்றும் பழக்கம் மட்டும் பிரீமியரை விடவில்லை. ஃபியட்டின் பெயர் கழன்றதும் அதே வண்டி பிரீமியர் பிரசிடென்ட் ஆயிற்று. 1974ல் பிரீமியர் பத்மினி ஆயிற்று. (நடிகை பத்மினி பெயர் என்று சத்தியம் செய்தவர்கள் எங்கள் ஆபீசிலேயே உண்டு. அது சித்தூர் ராணி.) அமெரிக்காவில் டிசோட்டோ 1960 நவம்பரில் மூடப்பட்டது. பிளிமத் 2001 வரை தள்ளாடி நின்றது. ஒரே சரக்கைப் பல பெயரில் விற்றால் ஒருநாள் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகும். அப்போது முதலில் சாவது பெயர்தான்.

கம்பெனியே கைவிட்ட கார்கள் நம் பக்கம் இன்னும் இருபது வருடம் ஓடின. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியபோது அவற்றைக் காப்பாற்றியது டீசல். சென்னை சிம்சன் கம்பெனி 1950களிலேயே பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை இங்கே செய்யத் தொடங்கியிருந்தது. பழைய அமெரிக்கக் காரின் நீண்ட பானெட்டுக்குள் அதுபோன்ற எஞ்சின்களை இறக்கினார்கள் பட்டறைக்காரர்கள். சத்தம் லாரி மாதிரி, புகை செங்கல் சூளை மாதிரி. ஆனால் கட்டுப்படியானது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களில் சிலருக்குக் காங்கயம், மூலனூர், குண்டடம் பக்கம் தோட்டத்துச் சாளை இருக்கும். மாட்டுக் கொட்டகை ஓரம் கோணி மூடிய ஒரு பழைய பிளசர் கிடக்கக்கூடும். இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருப்பார். கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய கார் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000. பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5,000. எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் கூடாது.

ஒரு நிபந்தனை இருக்கிறது. சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, அந்தக் காரை 1970களில் உடைப்பிலிருந்து காப்பாற்றிய அதே டீசல் எஞ்சின், இன்று அதை விண்டேஜ் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஆகவே பானெட்டைத் திறந்து முதலில் எஞ்சினைப் பாருங்கள். ஆறு ஸ்பார்க் பிளக் எஞ்சினின் தலைமேல் ஒரே வரிசையில் நின்றால் அது பழைய பெட்ரோல் எஞ்சினாக இருக்க வாய்ப்புண்டு. பிறகு சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகம் தாத்தாவின் நிலப் பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் இருக்கும், அங்கே தேடுங்கள். டீசல் மாற்றியிருந்தாலும் கழற்றிய பெட்ரோல் எஞ்சின் தோட்டத்தில் எங்காவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இரும்புக் கடைக்காரருக்குப் பதில் சொல்லுங்கள்.