பணிப்பதிவேட்டில் ஒரு வரி: கல்லூரி ஆசிரியர், ஊழியர் பயிற்சியின் வரலாறு – திருவண்ணாமலையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

திருவண்ணாமலைச் செங்கம் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஓடும் டவுன் பஸ்ஸில் இரண்டு வகைக் கூட்டம் இருக்கும். ஒன்று ரமணாசிரம வாசலில் இறங்கும். மற்றொன்று, தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாக, அரசு கலைக் கல்லூரிக்குப் போகும். இரண்டுமே ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்ள வந்த கூட்டம்தான்.

ஆசிரமத்தின் பழைய ஹாலில் 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமையா நாள்வாரியாகக் குறித்துவைத்தார். வந்தவர் என்ன கேட்டார், ரமணர் என்ன சொன்னார், எந்தக் கேள்விக்குப் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. பக்தர்கள் அதை உபதேச நூலாகப் படிக்கிறார்கள். கல்வி ஆய்வாளர் அதை வேறு விதமாகவும் படிக்கலாம். கற்பித்தல் நடக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய பதிவு அது. தமிழகக் கல்லூரி வகுப்பறைகளைப் பற்றி அப்படியொரு பதிவைத் தேடினால் கிடைப்பது அரிது. கல்லூரி ஆசிரியரின் பயிற்சி குறித்து நம்மிடம் மிஞ்சியிருப்பவை ஆணைகள், சான்றிதழ்கள், பணிப்பதிவேட்டுக் குறிப்புகள்.

பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பணிக்காலப் பயிற்சி எப்படி வந்தது, எந்த வழியில் வளர்ந்தது, யாரை விட்டுவிட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பயிற்சியைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டதால்தான் அது உயிர் பெற்றது. அதே முடிச்சு அதை வகுப்பறையிலிருந்து விலக்கியது. பதவி உயர்வு ஏணியே இல்லாதவர்களை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளிக்கு ஒரு நீதி, கல்லூரிக்கு ஒரு நீதி

ஆசிரியப் பயிற்சியில் சென்னை மாகாணம் முன்னோடி. 1856இல் வேப்பேரியில் தொடங்கிய அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பின்னர் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்தது. 1886இல் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. பட்டத்தை ஏற்படுத்தியது. கரும்பலகையில் எழுதும் முறை, பாடக்குறிப்பு தயாரித்தல், மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கும் மாதிரி வகுப்பு ஆகியவை பள்ளி ஆசிரியர் கடந்தே ஆக வேண்டிய படிகளாயின. எல்.டி. பின்னர் பி.டி. ஆகி, இன்று பி.எட். என்று வழங்குகிறது.

கல்லூரியில் இப்படி எந்தப் படியும் இல்லை. பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஒருவருக்குப் பயிற்சிப் பட்டம் வேண்டும். அதே மாணவன் பட்டப்படிப்பில் சேர்ந்ததும் அவனுக்குக் கணக்கு நடத்துபவருக்கு அது வேண்டாம். இந்த முரண் இன்றளவும் தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் அமைந்த முதல் பெரிய விசாரணையான ராதாகிருஷ்ணன் ஆணையமும் (1948–49) இந்த எல்லையைக் கடக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் உறுப்பினராக இருந்த ஆணையம் அது. பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அது கூறியது உண்மை. ஆனால் அந்தப் பயிற்சி உயர்நிலைப் பள்ளி, இண்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்கானது. பல்கலைக்கழகம் பயிற்சி கொடுக்கும் இடமாகவே பார்க்கப்பட்டது.

கோடைப் பயிலரங்கிலிருந்து எம்.ஃபில். வரை

1953இல் தொடங்கி 1956இல் சட்டத் தகுதி பெற்ற பல்கலைக்கழக மானியக் குழு முதலில் கவலைப்பட்டது பாட அறிவு பழையதாகிவிடுவதைப் பற்றி. 1960-களில் அமெரிக்க உதவியுடன் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலரங்குகள் தொடங்கின. தொழில்நுட்பக் கல்விக்கு 1964இல் சென்னைத் தரமணியில் தனி நிறுவனமே அமைந்தது. பாலிடெக்னிக், பொறியியல் ஆசிரியர்களுக்கான அந்த நிறுவனம்தான் இன்றைய தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 1970இல் பொறியியல் ஆசிரியர்களை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு மேற்படிப்புக்கு அனுப்பும் தர மேம்பாட்டுத் திட்டமும் வந்தது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அப்போது இதற்கு நிகரான நிலையான அமைப்பு இல்லை.

கோத்தாரி ஆணையம் (1964–66) இந்தக் குறையைத் தொட்டது. புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்கள் இதற்கென நிலையான பணியாளர் கல்லூரி அமைக்கும் வாய்ப்பை ஆராய வேண்டும் என்றது. அந்த யோசனை நடைமுறைக்கு வர இருபதாண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது வேறு. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஆசிரியர்கள் ஊதியத்துடன் விடுப்பு எடுத்து எம்.ஃபில்., பிஎச்.டி. முடிக்க மானியக் குழு உதவித்தொகை தந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் போய் எம்.ஃபில். முடித்துத் திரும்பியவர்கள் பலர். அவர்களது பாட அறிவு ஆழப்பட்டது. வகுப்பில் அவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்ற கேள்வி இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

தமிழகத்தில் அந்தக் கேள்வி இதற்கு முன்பே அவசரமாக எழுந்திருக்க வேண்டும். 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழ்வழியில் சோதனையாகத் தொடங்கியது. தொடர்ந்து பிற அரசுக் கல்லூரிகளிலும் தமிழ்வழிப் பிரிவுகள் வந்தன. பாடநூல்களுக்கு அரசு ஏற்பாடு செய்தது, கலைச்சொற்கள் உருவாயின. ஆனால் ஆங்கிலத்தில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் திங்கட்கிழமை காலை அதைத் தமிழில் எப்படி நடத்துவது என்பதை அவரே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். ‘டிமாண்ட்’ என்று சொல்லிவிட்டு, ‘தேவை’ என்று எழுதிவிட்டு, சந்தையில் தக்காளி விலை ஏறுவதை வைத்து விளக்கும் அந்த மும்முனைத் திறன்தான் தமிழகத்து அரசுக் கல்லூரி ஆசிரியரின் உண்மையான தொழில்நுட்பம். திருவண்ணாமலை, செங்கம், தண்டராம்பட்டு கிராமங்களிலிருந்து குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகளுக்கு அந்தத் திறன் இன்றியமையாதது.

1986: பயிற்சியும் பதவி உயர்வும்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதே ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய விகிதமும் நிலைமையை மாற்றின. ஏழாம் திட்டக் காலத்தில் நாடு முழுவதும் 48 கல்விப் பணியாளர் கல்லூரிகளுக்கு மானியக் குழு ஒப்புதல் அளித்தது. தமிழகத்தில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. திருவண்ணாமலை ஆசிரியர்களுக்கு எட்டும் தூரத்தில் புதுச்சேரியிலும் ஒன்று வந்தது.

ஊதியம், பதவி உயர்வு விதிகளை எதிர்த்து 1987இல் நாடு தழுவிய கல்லூரி ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பின் நிலைபெற்ற பணி மேம்பாட்டுத் திட்டம் ஒரு புது நிபந்தனையைக் கொண்டிருந்தது. எட்டு ஆண்டுப் பணி முடித்த விரிவுரையாளர், ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் புத்தொளிப் பயிற்சி இரண்டில் கலந்துகொண்டிருந்தால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம். அதுவரை விருப்பமாக இருந்த பயிற்சி கட்டாயமானது.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சொந்த ஊரைவிட்டு அதிகம் நகராத ஆசிரியர்கள் வேறு மாநில ஆசிரியர்களோடு விடுதியில் ஒரு மாதம் தங்கினார்கள். துறை கடந்து பேசினார்கள். தாவரவியல்காரரும் வரலாற்றுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பதவி உயர்வு என்ற ஈர்ப்பு இல்லாவிட்டால் இத்தனை பேர் புறப்பட்டிருக்க மாட்டார்கள்.

144 மணி நேரம்

இந்தப் பணியாளர் கல்லூரிகள் புதியவர்களுக்கு நடத்திய அறிமுகப் பயிற்சியின் கணக்கு எளிதாக இருந்தது. நாளுக்கு ஆறு மணி நேரம், 24 வேலைநாள், மொத்தம் 144 மணி நேரம். புத்தொளிப் பயிற்சி பின்னர் 18 நாள், 108 மணி நேரம் என்று குறைந்தது. உள்ளடக்கம் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது: சமூகம், சூழல், வளர்ச்சி ஆகியவற்றோடு கல்விக்குள்ள தொடர்பு, கல்வித் தத்துவமும் கற்பிக்கும் முறையும், அறிவு வளங்களும் அறிவாக்கமும், மேலாண்மையும் ஆளுமை வளர்ச்சியும். கற்பிக்கும் முறை நான்கில் ஒன்றின் பாதி. இருமொழியில் வகுப்பு நடத்துவது எந்தக் கூற்றின் தலைப்பிலும் இல்லை.

பயிற்சிக்குப் போகிறவர் முதல்வரிடம் பணியில் இருப்பதாகக் கருதும் ‘ஓ.டி.’ அனுமதி வாங்குவார். மையத்தில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் தனித்தனியே கையெழுத்திடுவார். வெளியிலிருந்து வரும் வல்லுநர் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். நிறைவில் ஒரு கருத்தரங்கக் கட்டுரை, ஒரு தேர்வு, தரக் குறியீட்டுடன் சான்றிதழ். ஊருக்குத் திரும்பியதும் சான்றிதழின் நகல் அலுவலகத்துக்குப் போகும். பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அந்த வரியில் நாள் இருக்கும், இடம் இருக்கும், தரம் இருக்கும். அவருடைய வகுப்பில் என்ன மாறியது என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. பணி மேம்பாட்டுத் திட்டக் (சி.ஏ.எஸ்.) கோப்பு நகரும்போது எண்ணப்படுவதும் வரிகளின் எண்ணிக்கைதான். மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் கொண்டுவந்த மதிப்பெண் முறை இந்த எண்ணும் பழக்கத்தை இன்னும் கூர்மையாக்கியது. 2018 விதிமுறைகள் அதைத் தளர்த்தின.

வெளிநாட்டு ஒப்பீடு இங்கே பயன்படும். பிரிட்டனில் உயர்கல்வி பற்றிய 1997ஆம் ஆண்டு டியரிங் அறிக்கைக்குப் பின், புது விரிவுரையாளர் பணியில் இருந்துகொண்டே உயர்கல்விக் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ் பெறுவது வழக்கமானது. 1990-களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகமும் பணியாளர் மேம்பாட்டு மையம் நிறுவி, இத்தகைய சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. ஆசிரியர் தன் சொந்த வகுப்பைப் பற்றித் தானே எழுதித் தொகுக்கும் கோப்பு இவ்வகைப் படிப்புகளின் மையம். இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உயர்கல்வி முதுநிலைப் பட்டயம். வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கலாம்; ஆனாலும் பெரும்பான்மை ஆசிரியர்கள் பதவி உயர்வுக்கு நேர்வழியான மையப் பயிற்சியையே நாடினார்கள்.

கணக்கில் வராதவர்கள்

வேதியியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவி பிப்பெட்டை முதன்முறை கையில் எடுக்கும் நேரம். பேராசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார். “கட்டைவிரலை வெச்சு அழுத்தாதம்மா, ஆள்காட்டி விரலை வை. கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக் கொண்டுபோ” என்று சொல்பவர் ஆய்வக உதவியாளர். கரைசலைச் சரியான செறிவில் தயாரித்து வைத்தவர் அவர். உப்புப் பகுப்பாய்வுக்குக் கிப் கருவியில் இரும்பு சல்பைடும் அமிலமும் நிரப்பி, வாயு கசிகிறதா என்று மூக்கால் அறிபவரும் அவர். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருக்கு முன்பு அதே வேலையில் இருந்தவர்.

1986க்குப் பிந்தைய அமைப்பில் இவருக்கு இடம் இல்லை. அலுவலக இளநிலை உதவியாளருக்காவது பவானிசாகர் குடிமைப் பணிப் பயிற்சி நிலையமும் துறைத் தேர்வுகளும் உண்டு. ஆனால் அவை எல்லா அரசுத் துறைக்கும் பொதுவானவை. கணக்கும் கோப்பு நடைமுறையும் கற்பிக்கும். உதவித்தொகை விண்ணப்பத்தில் தவறு செய்துவிட்டு அழுதபடி நிற்கும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அங்கே யாரும் கற்பிப்பதில்லை. கல்வி நிர்வாகிகளுக்கு டெல்லியில் 1962 முதல் பல பெயர்களில் வளர்ந்த தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் இருக்கிறது, அது மேல்மட்டத்துக்கானது. பணியாளர் கல்லூரிகளில் ஆசிரியரல்லாதோருக்கான குறும்பயிற்சிகள் பிற்காலத்தில்தான் சேர்ந்தன.

ஆசிரியர்களிலும் ஒரு பகுதி வெளியே நின்றது. 2006-07இல் அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி வகுப்புகள் வந்தபின் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல துறைகள் நடக்கின்றன. அவர்களுக்குப் பணி மேம்பாடு கிடையாது. ஆகவே பயிற்சிக்குப் போனாலும் ஏறுவதற்கு ஒரு வரி கிடையாது. பயிற்சிக்கான காரணம் பதவி உயர்வு என்று வைத்த பிறகு, பதவி உயர்வு இல்லாதவருக்குப் பயிற்சி தேவையில்லை என்ற முடிவு யாரும் எடுக்காமலேயே வந்துவிட்டது.

பெயர் மாற்றங்களின் காலம்

2014 டிசம்பரில் ஆசிரியர்களுக்கும் கற்பித்தலுக்குமான பண்டித மதன் மோகன் மாளவியா தேசியத் திட்டம் வந்தது. 2015இல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சிகள் இணையவழிக்கு மாறின. விடுதி நட்பு போனது, ஆனால் குழந்தையை விட்டு வர முடியாத பெண் ஆசிரியர்களுக்கு வழி திறந்தது. 2022 நவம்பரில் எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கி, 111 மையங்கள் ஒரே பெயரின்கீழ் வந்தன. புத்தொளிப் பயிற்சியின் காலமும் குறுகியது, நான்கு வாரத்தில் தொடங்கியது இரண்டு வாரத்துக்கு வந்து நிற்கிறது. பெயரும் கால அளவும் மாறினாலும் 1986இன் முடிச்சு அவிழவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன. முதலில் பட்டமே பயிற்சி என்ற நம்பிக்கை. அடுத்துப் பாட அறிவைப் புதுப்பித்தல். மூன்றாவதாகப் பதவி உயர்வின் நிபந்தனை. மூன்றிலுமே பயிற்சி வகுப்பறைக்கு வெளியே, பெரும்பாலும் வேறு ஊரில் நடந்தது. பள்ளி ஆசிரியருக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்த ஒன்று, அதாவது பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் இன்னொரு ஆசிரியர், கல்லூரிக்கு வந்துசேரவே இல்லை.

அதற்குப் பெரிய செலவு இல்லை. செங்கம் சாலைக் கல்லூரியிலோ வேறெங்கோ, பருவத்துக்கு இருமுறை ஒரு சக ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்து, பிறகு டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினால் போதும். அந்தக் குறிப்பு பதவி உயர்வுக் கோப்புக்குப் போகக் கூடாது என்பது மட்டும் விதியாக வேண்டும். கௌரவ விரிவுரையாளரும் இதில் தடையின்றிச் சேரலாம். ஆய்வக உதவியாளர் ஓய்வு பெறும் முன் அவருடைய கைப்பழக்கத்தை எழுதிவைக்கும் வேலையும் இதோடு சேரும். பழைய ஹாலில் வெங்கடராமையாவிடம் இருந்ததும் ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும்தான்.